லிண்ட்: கேட்கப்படாத எச்சரிக்கையின் வரலாறு

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. இணையத்தின் மறுமுனையில் இருப்பது உண்மையான வங்கிதானா, உண்மையான அஞ்சல் சேவைதானா என்று சரிபார்க்கும் சி நிரலில், ‘கோ டு ஃபெயில்’ என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரி அதற்கு மேலே இருந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி எதற்கும் கட்டுப்படாதது. அதனால் கணினி அந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் தாவிவிடும். கீழே இருந்த கையொப்பச் சோதனை நடக்கவே நடக்காது. நடக்காமலே ‘எல்லாம் சரி’ என்ற விடை திரும்பும். நடுவழியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறவருக்கு இதைவிட அகலமான கதவு தேவையில்லை. இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு எதுவும் வேண்டாம் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. 1970களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்ட லிண்ட் என்ற கருவியின் விளக்கக் குறிப்பிலேயே இது இருக்கிறது: கோ டு, பிரேக், கன்டினியூ, ரிட்டர்ன் ஆகிய கட்டளைகளுக்கு அடுத்ததாக லேபிள் இல்லாத ஒரு கூற்று வந்தால், அதை எட்ட வழியில்லை என்று லிண்ட் முறையிடும். அதாவது மருந்து கண்டுபிடிக்கப்பட்டு 35 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு அதே நோய் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் வந்தது.

நிரல்களில் பிழை காட்டும் கருவிகளின் வரலாற்றை, அவற்றின் புத்தி படிப்படியாகக் கூர்மையான கதையாகச் சொல்வது வழக்கம். அந்தக் கதையில் உண்மை உண்டு. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று முன்னே வருகிறது. பிழையைக் காணும் திறன் மிக ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அந்தச் சொல் நிரலாளரின் காதில் ஏறுவதற்கான ஏற்பாடுதான் மிகத் தாமதமாக வந்தது. எங்கே சொல்வது, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கேள்விகளே இந்தத் தொழிலின் போக்கைத் தீர்மானித்தன. லிண்ட் பிறந்த விதமும் அது ஓரங்கட்டப்பட்ட விதமும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

லிண்டுக்கு முன்னோர்கள் உண்டு. துளையட்டைக் கட்டைக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த 1960களில், ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் அன்றைய பொழுதே வீண். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965இல் இளநிலை மாணவர்கள் நால்வர் ஐபிஎம் 7040 கணினிக்காக எழுதிய வாட்ஃபர் என்ற ஃபார்ட்ரான் கம்பைலர், மாணவர் நிரல்களை வேகமாக ஓட்டியதோடு பிழைகளைப் புரியும்படி எடுத்துச் சொன்னது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான பிஎல்/சி இன்னும் ஒருபடி மேலே போனது. விட்டுப்போன அடைப்புக்குறியையும் தவறிய எழுத்தையும் தானே ஊகித்துத் திருத்திக்கொண்டு, நிரலைத் தொடர்ந்து ஓட்டும். ஒரே ஓட்டத்தில் எத்தனை பிழைகளைக் காட்ட முடியுமோ அத்தனையையும் காட்டிவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த இரண்டிலும் பிழை காட்டும் வேலை கம்பைலருக்குள்ளேயே இருந்தது. மாணவர் விரும்பினாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. தனிக் கருவி என்ற வடிவம் 1974இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்பரா ரைடர் வெளியிட்ட பிஃபோர்ட் சரிபார்ப்பியில் தெளிவாகத் தெரிகிறது. அது நிரலை ஓட்டாது. ஒரு ஃபார்ட்ரான் நிரல் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் மாற்றமில்லாமல் ஓடுமா, துணைநிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும்போது கொடுப்பதும் வாங்குவதும் பொருந்துகின்றனவா என்று மட்டும் படித்துப் பார்த்துச் சொல்லும். 1976இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டர்வைலும் ஃபாஸ்டிக்கும் எழுதிய டேவ், மதிப்புக் கொடுக்கப்படாத மாறியைப் பயன்படுத்துவது போன்ற தவறுகளை ஃபார்ட்ரான் நிரலின் பாதைகளைத் தொடர்ந்து சென்று பிடித்தது. ஆகவே ஸ்டீபன் ஜான்சன் லிண்டை எழுதியபோது, ஓட்டாமலே படித்துப் பிழை காணும் நுட்பம் உலகுக்குப் புதிதில்லை.

புதிதாக இருந்தது சூழல். நியூ ஜெர்சி மாநிலம் மரே ஹில்லில் யூனிக்ஸும் சி மொழியும் வளர்ந்தது பிடிபி-11 என்ற 16 பிட் கணினியில். அதில் ஒரு நிரல் எட்டக்கூடிய நினைவக எல்லை 64 கிலோபைட் அளவில்தான் இருந்தது; கம்பைலரும் அந்த இடுக்கில்தான் குடியிருக்க வேண்டும். அதனால் சி கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் பார்த்தது. ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பில் உள்ள ஃபங்ஷனை அழைக்கும்போது எத்தனை மதிப்புகள் போகின்றன, என்ன வகை மதிப்புகள் போகின்றன என்று அது கேட்காது. முழு எண்ணைப் பாயின்டராகவும் பாயின்டரை முழு எண்ணாகவும் மாற்றிப் போட்டாலும் பெரிதாகக் கோபிக்காது. பிடிபி-11இல் இரண்டுமே 16 பிட் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. எழுதியவர்கள் சிலர், ஒரே நடைபாதையில் அறை வைத்திருந்தவர்கள், சந்தேகம் வந்தால் எழுந்துபோய்க் கேட்டுக்கொள்ளலாம். 1977இல் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் கணினிக்குக் கொண்டுபோகும் வேலை தொடங்கியதும் இந்தச் சலுகைகள் எல்லாம் கடனாக மாறின. அதுவரை தற்செயலாக வேலை செய்த வரிகள் எவை என்று ஆயிரக்கணக்கான வரிகளில் தேட வேண்டியதாயிற்று. அப்போது ஜான்சன், எந்தக் கணினிக்கும் மாற்றியமைக்கக்கூடிய ஒரு சி கம்பைலரை எழுதிவந்தார். அதன் முன்பாதியை, அதாவது நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை எடுத்துக்கொண்டு, இயந்திரக் கட்டளைகளுக்குப் பதிலாக முறையீடுகளை வெளியிடும்படி மாற்றினார். அதுவே லிண்ட். 1979 ஜனவரியில் வந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்போடு அது ஆய்வகத்துக்கு வெளியே போயிற்று. மொழியின் விதிகளை மக்கள் மதிக்க வேண்டும், சட்டப்படி சரியானாலும் சந்தேகத்துக்கு இடமான வரிகளைக் காட்ட வேண்டும், கோப்புகளுக்கு இடையிலான பொருத்தமின்மையைப் பிடிக்க வேண்டும் என்ற மூன்று நோக்கங்களை சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1993இல் எழுதிய சி மொழி வரலாற்றில் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்.

கட்டளை வரியில் லிண்ட் என்று தட்டிக் கோப்புகளின் பெயர்களை அடுக்கினால், அது எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தது. கம்பைலருக்குக் கிடைக்காத முழுப் பார்வை அதற்குக் கிடைத்தது. அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, சில இடங்களில் மதிப்பைத் திருப்பி அனுப்பிச் சில இடங்களில் வெறுங்கையோடு திரும்பும் ஃபங்ஷன், ஒரே கூற்றில் ஒரு மாறியைப் படித்து அதையே மாற்றவும் செய்யும் வரி என்று அதன் பட்டியல் இன்றைக்கும் பழையதாகவில்லை. ஜான்சன் தரும் எடுத்துக்காட்டு ஒன்று அவர் காலத்துத் தலைவலியை அப்படியே காட்டுகிறது. எழுத்து எழுத்தாகப் படிக்கும்போது, கோப்பு முடிந்துவிட்டது என்பதை எதிர்ம எண்ணால் குறிப்பது வழக்கம். அந்த விடையை எழுத்து வகை மாறி ஒன்றில் வைத்துவிட்டு, அது பூஜ்யத்தைவிடக் குறைவா என்று கேட்டால் பிடிபி-11இல் சரியாக நடக்கும். அங்கே எழுத்துக்கு −128 முதல் 127 வரை மதிப்பு உண்டு. எழுத்துக்கு எதிர்ம மதிப்பே இல்லாத கணினியில் அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. நிரல் முடிவே இல்லாமல் படித்துக்கொண்டிருக்கும். சொந்த ஊரில் சரியாக ஓடும் நிரல் வெளியூரில் நின்றுபோவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. லிண்ட் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டது.

இதை ஏன் கம்பைலருக்குள்ளேயே வைக்கவில்லை? ஜான்சன் சொன்ன காரணம் தெளிவானது: கம்பைலரின் வேலை வேகமாக மொழிமாற்றுவது, லிண்டின் வேலை அவசரமில்லாமல் அகலப் பார்ப்பது. ஒரு கருவி ஒரு வேலையை நன்றாகச் செய்யட்டும் என்ற யூனிக்ஸ் மரபுக்கும் அது பொருந்தியது. அந்தக் கணினியில் வேறு வழி இருந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். ஆனால் அந்தப் பிரிவினைக்கு ஒரு விலை இருந்தது. வாட்டர்லூ மாணவர் பிழைச் செய்தியைத் தாண்ட முடியாது. யூனிக்ஸ் நிரலாளர் லிண்டை ஓட்டாமலே காலம் தள்ளலாம். கம்பைலர் வாய்திறக்காமல் நிரலைக் கொடுத்துவிட்ட பிறகு, அது ஓடவும் ஓடிவிட்ட பிறகு, இன்னொரு கட்டளையைத் தட்டித் தன் குறைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்? அந்த ஒரு கட்டளையின் தூரம்தான் இந்த வரலாற்றின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

ஜான்சனுக்கு இது தெரியாமல் இல்லை. லிண்ட் எப்போது பேசக்கூடாது என்பதற்கும் அவர் இடம் வைத்திருந்தார். எட்ட முடியாத கூற்றுகளைப் பற்றிச் சொல்லும் அதே கருவி, எட்ட முடியாத பிரேக் கட்டளைகளைப் பற்றி மட்டும் கேட்டாலொழியச் சொல்லாது. யாக், லெக்ஸ் ஆகிய கருவிகள் தாமாக எழுதித்தரும் நிரல்களில் அப்படிப்பட்ட பிரேக்குகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றால் கெடுதலும் இல்லை, பயனாளர் செய்யக்கூடியதும் இல்லை. யாக் ஜான்சனே எழுதியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் தன் ஒரு கருவியின் சத்தத்திலிருந்து இன்னொரு கருவியின் நம்பகத்தைக் காப்பாற்றினார் என்பது புரியும். அதுபோல, ‘இந்த இடத்துக்குக் கணினி வராது’, ‘இந்த மதிப்பைப் பயன்படுத்தாதது தெரிந்தே செய்தது’ என்று நிரலாளர் குறிப்பு வரிகளில் எழுதிவைத்தால் லிண்ட் அதை மதித்து அமைதியாகிவிடும். இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. புலி வருது, புலி வருது என்று நாள்தோறும் கூவுகிறவனுக்கு உண்மையான புலி வரும் நாளில் துணை கிடைக்காது என்பதை லிண்டை எழுதியவரே உணர்ந்திருந்தார். அவர் கையில் இருந்த கணினிக்கு அந்தப் புலியையும் பூனையையும் முழுதாகப் பிரித்தறியும் வசதிதான் இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் லிண்டின் சோதனைகள் ஒவ்வொன்றாகக் கம்பைலருக்குள் குடிபெயர்ந்தன. 1989இல் வந்த அமெரிக்கத் தரநிலை, ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளின் வகைகளை முன்கூட்டியே அறிவிக்கும் முறையை சி++ மொழியிலிருந்து சி மொழிக்குக் கொண்டுவந்தது. லிண்ட் பிறக்கக் காரணமான பெரிய ஓட்டை அதோடு ஏறக்குறைய அடைபட்டது. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி என்ற கம்பைலர், எச்சரிக்கைகளைத் தொகுதியாக இயக்கும் ‘டபிள்யூ-ஆல்’ சுவிட்சைப் பழக்கமாக்கியது. ஆனால் அந்தத் தொகுதியில் எல்லா எச்சரிக்கைகளும் இல்லை. எட்ட முடியாத கூற்றைக் காட்டும் எச்சரிக்கை, கம்பைலரின் மேம்படுத்தும் பகுதியைச் சார்ந்திருந்ததால் பதிப்புக்குப் பதிப்பு வேறு விடை தந்தது. ஜிசிசி அதைக் கைவிட்டே விட்டது. ஆப்பிள் பயன்படுத்திய க்ளாங் கம்பைலரில் அந்த எச்சரிக்கை இருந்தது, ஆனால் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பேசும். லிண்டுக்கும் அதன் வாரிசுகளுக்கும் இடையே எங்கோ ஒரு கைமாற்றத்தில் அந்தச் சோதனை தவறிக் கீழே விழுந்தது. 2014இல் அதற்கு விலை கொடுக்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காது கொடுக்காததுதான் பிரச்சினை என்றால், 2000களில் பிழை காட்டும் கருவிகள் மீண்டும் மதிப்புப் பெற்றது ஏன்? அவை புத்திசாலிகளானதால்தானே? ஓரளவு ஆம். ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரின் குழுவிலிருந்து கிளைத்த கவரிட்டி என்ற கருவி, நிரலின் பாதைகளை ஃபங்ஷன்களைத் தாண்டித் தொடர்ந்து சென்று லிண்டால் கனவிலும் காண முடியாத பிழைகளைப் பிடித்தது. ஆனால் அதை உருவாக்கியவர்கள் 2010இல் தங்கள் அனுபவத்தை எழுதியபோது என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். பொய் எச்சரிக்கைகள் 30 விழுக்காட்டைத் தாண்டினால் மக்கள் கருவியையே புறக்கணிக்கிறார்கள். விளக்கம் புரியாவிட்டால் உண்மையான பிழையையும் பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் விளக்க முடியாத அளவுக்கு நுணுக்கமான சில சோதனைகளைத் தாங்களே நிறுத்திவைக்க நேர்ந்தது என்கிறார்கள். புத்தியைக் கூட்டிக்கொண்டே போன கருவி, கேட்பவரின் பொறுமைக்காகத் தன் புத்தியில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்தது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி கவரிட்டிக்காரர்களே தந்திருக்க முடியாது.

முடியாது என்றேன், ஆனால் இன்னும் வலுவான இரண்டு சான்றுகள் உண்டு. கூகுள் 2009 மே மாதத்தில், ஃபைண்ட்பக்ஸ் என்ற ஜாவா கருவி காட்டிய எச்சரிக்கைகளை நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு வாரத்தை ஒதுக்கியது. 3,954 எச்சரிக்கைகள் ஆராயப்பட்டன. பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றுக்குப் பிழை அறிக்கையும் எழுதப்பட்டது. திருத்தப்பட்டவை 640. பிழை என்று ஒப்புக்கொண்டவர்களே அதைத் திருத்தப் போகவில்லை. அடுத்தது ஃபேஸ்புக். 2013இல் அந்நிறுவனம் லண்டனைச் சேர்ந்த மோனாய்டிக்ஸை வாங்கியபோது இன்ஃபர் என்ற கருவியும் அதோடு வந்தது. முதலில் அது நிரல் முழுவதையும் மொத்தமாக ஆராய்ந்து பிழைப் பட்டியலைப் பொறியாளர்களிடம் கொடுத்தது. ஏறக்குறைய யாரும் எதையும் திருத்தவில்லை. பிறகு அதே ஆராய்ச்சியை, ஒருவர் தன் மாற்றத்தைக் கோட் ரிவ்யூவுக்கு அனுப்பும் அந்த நேரத்திலேயே செய்து, அந்த வரிக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையை எழுதினார்கள். திருத்தும் விகிதம் 70 விழுக்காட்டைத் தாண்டியது. கருவியின் புத்தி மாறவில்லை; பொய் எச்சரிக்கையின் அளவும் மாறவில்லை; சொன்ன நேரமும் இடமும்தான் மாறின. பூஜ்யத்துக்கும் எழுபதுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது மட்டுமே கடந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கருவியின் பேச்சைக் கேட்டே நாசம் வந்ததும் உண்டு. 2006இல் டெபியன் இயங்குதளத்தின் பராமரிப்பில், ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் மதிப்புக் கொடுக்கப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்ற கருவி முறையிட்டது. முறையீடு உண்மைதான். அதை நிறுத்துவதற்காக இரண்டு வரிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையை எல்லா மூலங்களிலிருந்தும் உள்ளே சேர்த்த வரி. அது போனதும் சாவிகளை வேறுபடுத்த மிஞ்சியது நிரலின் செயல் எண் மட்டுமே. அது 32,768க்குள் அடங்கும். எவரும் மொத்தச் சாவிகளையும் முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. 2008 மே 13 அன்றுதான் இது உலகுக்குத் தெரிந்தது. கருவியை நம்பக் கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் இது கேட்பதற்கும் வாயடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. கருவி ‘இங்கே விசித்திரமாக ஏதோ இருக்கிறது’ என்றது; எழுதியவர் அதை ஏன் அப்படி எழுதினார் என்பது கருவிக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கான விடை வராமலே எச்சரிக்கை அடக்கப்பட்டது. ஜான்சனின் குறிப்பு வரிகள் இங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்: வேண்டுமென்றே செய்தது என்று மூல நிரலிலேயே ஒரு வரி இருந்திருந்தால், அதைத் தொடுகிற கை சற்றுத் தயங்கியிருக்கும்.

எந்தக் கருவியும் முழுமையாக இருக்க முடியாது என்பதும் மறுக்க முடியாத உண்மை. 1953இல் ரைஸ் நிறுவிய தேற்றத்தின்படி, நிரல்களின் நடத்தையைப் பற்றிய சுவையான எந்தக் கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் தப்பாமல் விடை சொல்லும் வழிமுறை கிடையாது. ஒன்று சிலவற்றைத் தவறவிட வேண்டும், அல்லது சிலவற்றைப் பொய்யாகக் குற்றம்சாட்ட வேண்டும். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையைக் கவரிட்டி முன்கூட்டிப் பிடிக்கவில்லை. பிறகுதான் அதற்கு ஒரு புதிய சோதனை எழுதப்பட்டது. இந்த எல்லை என்றைக்கும் நீங்காது என்பதால்தான், எந்தப் பக்கம் தவறுவது என்ற தேர்வு பொறியியல் தேர்வாக மட்டும் இல்லாமல் கேட்பவரைப் பற்றிய தேர்வாகவும் ஆகிறது.

மொழியையே கண்டிப்பாக வடிவமைத்துவிட்டால் தனிக் கருவி எதற்கு என்பது கடைசி மறுப்பு. 2015இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ரஸ்ட், நினைவகத் தவறுகளில் பெரும்பகுதியைக் கம்பைலரிலேயே தடுத்துவிடுகிறது. ஆனால் ரஸ்ட் நிரலாளர்களும் கிளிப்பி என்ற தனிக் கருவியை ஓட்டுகிறார்கள். ஏனென்றால் சட்டப்படி சரியாக இருந்து, சந்தேகத்துக்கு இடமாகவும் இருக்கும் வரிகள் எந்த மொழியிலும் தீர்வதில்லை. யூனிக்ஸைப் படைத்த கென் தாம்ப்ஸன் பங்குபெற்று 2009இல் அறிவித்த கோ மொழியின் போக்கு எனக்கு இன்னும் அழுத்தமாகப் படுகிறது. கோ கம்பைலர் எச்சரிப்பதே இல்லை: பயன்படுத்தாத மாறி இருந்தால் அது பிழை, நிரல் உருவாகாது. பிழை என்று சொல்ல முடியாத சந்தேகங்களை வெட் என்ற தனிக் கருவி பார்க்கிறது. லிண்டின் பிரிவினைதான் இதுவும். 2018 பிப்ரவரியில் வந்த 1.10 பதிப்பிலிருந்து, சோதனைகளை ஓட்டும் ஒவ்வொரு முறையும் வெட் கருவியின் மிக நம்பகமான சோதனைகள் மட்டும் தாமாகவே சேர்ந்து ஓடும்படி செய்தார்கள். ஜான்சன் காலத்தில் நிரலாளர் தனியாகத் தட்ட வேண்டியிருந்த கட்டளை அதோடு மறைந்தது.

சி மொழியை இன்றும் கற்பிக்கிறவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பிலேயே கம்பைலரின் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கிவிட்டு நிரலைத் தொகுத்துக் காட்டுங்கள். எட்ட முடியாத கூற்றுக்கான எச்சரிக்கை க்ளாங்கில் இன்றும் இயல்பாக இயங்குவதில்லை. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்த எச்சரிக்கையை அடக்கும் மாணவரிடம், அந்த வரி ஏன் அப்படி இருக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.